கடன் வாங்கியவர் இறந்துவிட்டார், உயில் வழக்கு நடக்கிறது: புரோநோட்டுப் பணம் வருமா?

கேள்வி: நண்பருக்கு 10.6.2024 தேதியிட்ட புரோநோட்டின் பேரில் 5 லட்சம் ரூபாய் கொடுத்தேன். அவர் இறந்துவிட்டார். அவருடைய மகன், அப்பாவின் உயிலுக்கு புரோபேட் (உயில் உண்மையானது என்ற நீதிமன்றச் சான்று) கேட்டு மனு போட்டிருக்கிறார். ‘கேஸ் முடியட்டும், தருகிறேன்’ என்கிறார். அந்த வழக்கிலேயே என் பணத்தைக் கேட்கலாமா?

பதில்: முடியாது. காத்திருக்கவும் கூடாது. புரோபேட் நீதிமன்றம் பார்ப்பது உயில் உண்மையா என்பதைத்தான். யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது அங்கே விசாரணைக்கு வராது. சொத்து எந்த வாரிசுக்குப் போனாலும் கடனும் கூடவே போகும் என்பதால், கடன் கொடுத்தவர் உயிலை எதிர்க்கவும் பொதுவாக இடமில்லை. நீங்கள் போட வேண்டியது தனி சிவில் வழக்கு.

கேட்டவுடன் தர வேண்டிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டுதான் கெடு. மரணமோ உயில் வழக்கோ அதை நிறுத்தாது. உங்களுக்கு 10.6.2027 கடைசி நாள். கெடுவுக்குள் கொஞ்சம் பணம் வந்து, நோட்டின் பின்பக்கம் வரவு ஏறியிருந்தால் அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். ஆனால் அந்த வரவு கடன் வாங்கியவர் கைப்பட எழுதியதாகவோ அவர் கையொப்பமிட்டதாகவோ இருக்க வேண்டும். கடன் கொடுத்தவர் தாமே எழுதி வைத்த வரவு செல்லாது. நல்ல நோட்டுகள் பலவும் காலாவதியாவது இதனால்தான். மகன் இப்போது எழுதிக் கொடுத்தாலும் அது மற்ற வாரிசுகளைக் கட்டுப்படுத்தும் என்று நம்பியிருக்காதீர்கள்.

முதலில் புரோபேட் மனுவின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். அதில் சொத்துப் பட்டியலோடு, இறந்தவரின் கடன் பட்டியலும் வழக்கமாக இருக்கும். உங்கள் பெயர் அதில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பிறகு உயிலை நிறைவேற்றுபவர், வாரிசுகள் அனைவருக்கும் வக்கீல் நோட்டீஸ். வழக்கையும் அவர்கள் எல்லோர் மீதும் போட வேண்டும். இறந்தவர் பெயரில் போட்டால் செல்லாது. கோரிக்கை ‘இறந்தவரின் சொத்திலிருந்து’ என்றே இருக்கட்டும். மகனின் சொந்தச் சம்பாத்தியத்தைத் தொட முடியாது. நோட்டில் சாட்சிக் கையெழுத்து போட்டவரையும் தயாராக வைத்திருங்கள்; கையெழுத்தே அப்பாவுடையது அல்ல என்பதுதான் பெரும்பாலும் முதல் வாதம்.

சொத்தை விற்க ஏற்பாடு நடப்பதாகத் தெரிந்தால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்டு வழக்கோடு மனு போடுங்கள்.

ஈமச் செலவு, கடைசி நோய்க்கான மருத்துவச் செலவு, புரோபேட் செலவு, வேலைக்காரர்களின் கடைசி 3 மாதச் சம்பள பாக்கி ஆகியவை முதலில் கழியும். மிச்சம் போதாவிட்டால் அடமானமில்லாக் கடன்காரர்கள் எல்லோருக்கும் விகிதப்படிதான். உயிலில் எழுதிவைத்த பங்குகள் கடனுக்குப் பிறகே; முன்பே பிரித்துக் கொடுத்துவிட்டாலும் வாங்கியவரிடம் போய்க் கேட்கலாம். பி.எஃப். பணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது ஜப்திக்கு அகப்படாது.