எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வந்த நோயா இது?

மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் பற்றி குமரி மாவட்டத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வாய்க்குச் சுலபமாக எம்.எஸ். என்றே சொல்வோம். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை நம்முடைய எதிர்ப்பு செல்களே அரித்துவிடுவதுதான் இந்த நோய். ஒரு கண் மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சில வாரங்களில் சரியாகும், பிறகு வேறிடத்தில் தலைகாட்டும்.

மகளுக்கு எம்.எஸ். என்று சொல்லிவிட்டார்கள். எதிர்ப்பு சக்தி கூடுவதற்கு அமுக்கிராவும் சீந்தில் பொடியும் கொடுக்கட்டுமா? (தக்கலை)

வேண்டாம் அம்மா. வந்த கடிதங்களில் பாதி இதே கேள்விதான். உங்கள் மகளுக்கு எதிர்ப்பு சக்தி குறையவில்லை. அது ஆளைத் தவறாக அடையாளம் காண்கிறது, அவ்வளவுதான். அதற்கு மேலும் பலம் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு பாடமே இருக்கிறது. 1987இல் அமெரிக்காவில் 18 எம்.எஸ். நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரான் காமா கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு செல்களை முடுக்கிவிடும் பொருள் அது. 7 பேருக்கு நோய் திரும்பத் தாக்கியது, சோதனையை அத்துடன் நிறுத்தினார்கள். பெயரில் அதற்குப் பக்கத்தில் இருக்கும் இன்டர்ஃபெரான் பீட்டா நேர்மாறாகத் தணிக்கும் வேலையைச் செய்தது. 1993இல் எம்.எஸ்.ஸுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் அதுதான்.

உடம்பிலேயே தணிக்கும் செல்கள் உண்டு. எதிர்ப்பு செல்களில் டி செல் என்று ஒரு வகை, அதில் ஒரு பிரிவான இவற்றுக்கு ‘ஒழுங்குபடுத்தும் டி செல்கள்’ என்று பெயர். அவற்றைக் கண்டறிந்து விளக்கிய சகாகுச்சி, பிரங்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் கிடைத்தது. எம்.எஸ். நோயாளிகளிடம் இந்த செல்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. அதனால் ‘இம்யூனிட்டி’ என்று அச்சடித்த டப்பா எதையும் மகளுக்கு வாங்க வேண்டாம். இன்னொன்று, சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. எம்.எஸ். மருந்துகள் சிலவும் கல்லீரலைச் சோதிப்பவை. இரண்டும் சேரக் கூடாது.

ஒரு வைரஸ்தான் காரணம் என்று கண்டுபிடித்துவிட்டார்களாமே? நான் நர்ஸ், என் தம்பிக்கு இந்த நோய் இருக்கிறது. (மார்த்தாண்டம்)

எப்ஸ்டீன்-பார் வைரஸைச் சொல்கிறீர்கள். எச்சில் வழியாகப் பரவுவது. உலகில் பெரியவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் அது உடம்பில் இருக்கிறது, உங்களுக்கும் எனக்கும் இருக்கலாம். அதனால்தான் பல வருடங்கள் யாராலும் அதன் மேல் உறுதியாகக் கைவைக்க முடியவில்லை. எல்லோரிடமும் இருப்பதைக் குற்றவாளி என்று எப்படிச் சொல்வது?

ஹார்வர்டில் அஸ்கேரியோவின் குழு இதற்கு ஒரு வழி கண்டது. அமெரிக்க ராணுவத்தில் பணியில் இருப்பவர்களின் ரத்த மாதிரியை அவ்வப்போது எடுத்துச் சேமித்து வைப்பார்கள். 20 வருட காலத்தில், ஒரு கோடிக்கு மேற்பட்ட ஆட்களில், எம்.எஸ். வந்தவர்களின் பழைய ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். மாதிரி கிடைத்த 801 நோயாளிகளில் 35 பேருக்குத் தொடக்கத்தில் இந்த வைரஸ் இல்லை. அவர்களில் 34 பேருக்கு நோய் தொடங்குவதற்கு முன்பே தொற்றியிருந்தது. தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியது. மற்ற வைரஸ்களில் இப்படி எதுவும் தெரியவில்லை. 2022 ஜனவரியில் இது வெளியானபோது நான் இரண்டு முறை படித்தேன். நம்பிக்கை தரும் வேலை அது.

சரி, தொற்று எப்படி நரம்பில் போய் முடிகிறது? களியக்காவிளை செக்போஸ்ட்டில் ஒரு திருடனின் போட்டோவை வைத்துக்கொண்டு வண்டிகளைச் சோதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே முகச்சாயல் உள்ள ஊர்க்காரர் ஒருவரும் மாட்டிக்கொள்வார். அதே 2022இல் ஸ்டான்ஃபோர்டில் கண்டது இதைத்தான். வைரஸின் ஈபிஎன்ஏ1 என்ற புரதத்தின் ஒரு துண்டும், மூளையிலுள்ள கிளியல்கேம் என்ற புரதத்தின் ஒரு துண்டும் சாயலில் ஒன்றுபோல் இருக்கின்றன. வைரஸைப் பிடிக்க உருவான ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் இதையும் பிடிக்கிறது. ஆனால் எல்லா நோயாளிகளிடமும் இது இல்லை, நான்கைந்து பேரில் ஒருவரிடம்தான் தெரிந்தது. ஆகவே இது ஒரு வழி, ஒரே வழி அல்ல.

வைரஸ் இல்லாமல் எம்.எஸ். அரிது, வைரஸ் மட்டும் போதாது. மரபு (எச்.எல்.ஏ. டிஆர்பி1 15:01 என்ற மரபணு வகை இருந்தால் வாய்ப்பு சுமார் 3 மடங்கு), புகைபிடித்தல், இளவயது உடல்பருமன் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. தம்பி சிகரெட் பிடிப்பவர் என்றால் இன்றே விடச் சொல்லுங்கள். வைரஸை நாம் மாற்ற முடியாது, இதை மாற்றலாம்.

நான் கடல்தொழில் செய்கிறவன். குளிர் நாட்டு நோய், வெயில் இல்லாதவர்களுக்குத்தான் வரும் என்கிறார்கள். நாளெல்லாம் வெயிலில் கிடக்கும் எனக்கு எப்படி வந்தது? (குளச்சல்)

நியாயமான கேள்வி அண்ணே. பூமத்திய ரேகையிலிருந்து விலக விலக எம்.எஸ். கூடுவது உண்மை. வட ஐரோப்பாவில் லட்சத்துக்கு நூறு பேருக்கு மேல். மங்களூருவில் கணக்கெடுத்தபோது லட்சத்துக்கு 8 பேர் அளவில் இருந்தது. நாம் எட்டாவது அட்சரேகையில் இருக்கிறோம். ஆனால் குறைவு என்பது இல்லை என்று ஆகாது. வெயில் பல காரணங்களில் ஒன்றுதான்.

பிரிட்டனில் 1990இல் வந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். அங்கே குடியேறிய இந்தியர்களிடம் எம்.எஸ். குறைவு. அங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளிடம் அந்த நாட்டவர் அளவுக்கே நெருங்கியது. ஒரே ரத்தம், வேறு ஊர். சிறுவயதில் எங்கே வளர்ந்தோம் என்பது அவ்வளவு முக்கியம்.

வைட்டமின் டி அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் மாத்திரை எடுங்கள். மாதாமாதம் 6 லட்சம் யூனிட் ஊசி போடச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும்.

டாக்டர் ரிட்டுக்சிமாப் எழுதியிருக்கிறார். அது கேன்சர் மருந்து என்று பார்த்தேன். பயமாக இருக்கிறது. (நாகர்கோவில்)

நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமாவுக்கு 1997இல் அனுமதி பெற்ற மருந்துதான். எதிர்ப்பு செல்களில் இன்னொரு வகையான பி செல்களை அழிக்கும். எம்.எஸ். என்றால் டி செல் நோய் என்று நாங்கள் படித்த காலம் உண்டு. பி செல்லைத் தொட்டு என்ன பயன் என்று பலர் கேட்டார்கள். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹவுஸரின் குழு 104 நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டது. எம்.ஆர்.ஐ.யில் புதிதாக ஒளிரும் புண்கள் 91 சதவீதம் குறைந்தன. இதில் ஆச்சரியம், ஆன்டிபாடி அளவு பெரிதாகக் குறையாமலே பலன் வாரங்களில் தெரிந்தது. அதாவது பி செல்கள் ஆன்டிபாடி செய்வதால் மட்டும் கெடுதல் செய்யவில்லை. டி செல்களுக்கு ஆளைக் காட்டிக்கொடுத்துத் தூண்டியதும் அவைதான். எப்ஸ்டீன்-பார் ஒளிந்து குடியிருப்பதும் இதே பி செல்லில் என்பதை மேலே வைரஸ் பற்றிச் சொன்ன பதிலோடு சேர்த்துப் பாருங்கள்.

ஸ்வீடனில் டைமெத்தில் ஃபியூமரேட் மாத்திரையோடு ஒப்பிட்டபோது, ரிட்டுக்சிமாப் எடுத்தவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான் நோய் திரும்பியது. மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதம். 2023இல் உலக சுகாதார நிறுவனம் எம்.எஸ்.ஸுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. இந்தியாவிலேயே தயாராவதால் விலையும் ஓரளவு எட்டும். ஊசிக்கு முன்னால் ஹெபடைட்டிஸ் பி, டிபி இரண்டுக்கும் பரிசோதனை ஆகிவிட்டதா என்று கேளுங்கள். ஒளிந்திருக்கும் ஹெபடைட்டிஸ் பி விழித்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. போட வேண்டிய தடுப்பூசிகளையும் முன்பே போட்டுவிடுங்கள்.

அக்வாபோரின்-4 ஆன்டிபாடி பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள். அது இருந்தால் நோய் எம்.எஸ். அல்ல, கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. என்ற வேறு நோய். அதற்கு எம்.எஸ். மருந்துகள் சில கேடு செய்யும்.

ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறேன். உச்சி வெயிலில் கண் மங்குகிறது. நோய் திரும்பிவிட்டதா? வர்ம ஆசான் தடவினால் சரியாகுமா? (குலசேகரம்)

உடல் சூடானால், உறை போன நரம்பில் செய்தி தடைபடும். குளிர்ந்ததும் தெளிந்துவிட்டால் பயப்பட வேண்டாம். புதிய தொந்தரவு 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் திரும்பத் தாக்கியதாகக் கொள்ள வேண்டும். அப்போது தாமதிக்காமல் போங்கள். விடியலில் வெட்டி முடிப்பது உங்கள் தொழிலின் வரம், பால் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் நனைத்த துண்டு ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இறுகிய காலுக்கு எண்ணெய் தடவுவது இதம்தான், ஆனால் கழுத்தில் நெட்டி எடுக்க விடாதீர்கள். மருந்தை நிறுத்தச் சொல்கிற ஆசானிடம் திரும்பப் போகாதீர்கள்.

கல்யாணமாகி ஒரு வருடம். பிள்ளை பெறலாமா? பிள்ளைக்கு வருமா? (இரணியல்)

பெறலாம் மகளே. பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100க்கு 2, 3 தான். ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால்கூட மற்றவருக்கு வருவது நாலில் ஒன்று. கர்ப்பத்தில் தாயின் எதிர்ப்பு செல்கள் குழந்தைக்காக அடங்கிப்போகின்றன, கடைசி மூன்று மாதத்தில் நோயும் அடங்கும். பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதம்தான் கவனம். ஃபிங்கோலிமோட் எடுப்பவராக இருந்தால் கருத்தரிக்க இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். ஆனால் நீங்களாக நிறுத்தினால் நோய் சீறி எழும், டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றித் தருவார். டெரிஃப்ளூனோமைடு என்றால் உடம்பிலிருந்து அதைக் கழுவி எடுக்கத் தனி மருந்து உண்டு. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கணவரையும் அழைத்துப் போங்கள்.