மருந்து அடித்த ஒரே வாரத்தில் தக்காளியில் இலைப்பேன் திரும்பி வருவது ஏன்?

மருந்து அடித்த மறுநாள் ஒரு பூச்சிகூடத் தென்படவில்லை, ஆறாம் நாள் பார்த்தால் பழையபடி இருக்கின்றன, கடையில் போலி மருந்தைக் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் முப்பது சென்ட் நிலத்தில் தக்காளி வைக்கும் நானும் முதல் இரண்டு பட்டங்களில் இதே சந்தேகத்தில் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவன்தான். மருந்தின் மீது குற்றம் இருக்க வேண்டிய அவசியமில்லை. நீங்கள் தெளித்த நேரத்தில் அந்தப் பூச்சிக் கூட்டத்தில் கணிசமான பங்கு செடியின் மேற்பரப்பிலேயே இருந்திருக்காது.

பெண் இலைப்பேன் முட்டையை வெளியில் விட்டுவைப்பதில்லை. வயிற்று நுனியில் இருக்கும் அரம் போன்ற உறுப்பால் இலையையோ பூவையோ கீறி, திசுவுக்குள் ஒவ்வொன்றாகச் செருகிவிடுகிறது. தொட்டால் கொல்லும் மருந்து அங்கே போய்ச் சேராது. வெயில் காலத்தில் மூன்று நான்கு நாட்களில் முட்டை பொரிந்து, வெளிர்மஞ்சள் நிறத்தில், இறக்கையற்ற குஞ்சு வெளிவருகிறது. அது ஒருமுறை தோலுரித்து, இரண்டு பருவங்களாகச் சாற்றை உறிஞ்சுகிறது. இதன் வாயில் இடது தாடை மட்டுமே வளர்ந்திருக்கும். அந்த ஒற்றை ஊசியால் செல்லைக் குத்தி உள்ளிருப்பதை உறிஞ்சியபின், வெறுமையான செல்லில் காற்று புகுந்துகொள்வதால்தான் இலை வெள்ளி பூசியது போல மினுங்குகிறது. அந்த மினுமினுப்பின் நடுவே மிளகைப் பொடித்துத் தூவியது போன்ற கரும்புள்ளிகள் இருந்தால் அவை அதன் எச்சம். சந்தேகமே வேண்டாம், அது இலைப்பேன்தான்.

தின்று முடித்த குஞ்சு பெரும்பாலும் செடியிலிருந்து கீழே விழுந்து, மேல்மண்ணிலோ சருகுக்கு அடியிலோ புகுந்துகொள்கிறது. அங்கே முன்கூட்டுப்புழு, கூட்டுப்புழு என இரண்டு நிலைகளில் எதையும் உண்ணாமல் இரண்டு முதல் ஐந்து நாட்கள் இருந்துவிட்டு, ஓரத்தில் மயிர்க்கற்றை கொண்ட குறுகிய இறக்கைகளுடன் வெளியே வருகிறது. முட்டையிலிருந்து இறக்கை வரை சுமார் 25 டிகிரி வெப்பத்தில் இரண்டு வாரத்தை ஒட்டி ஆகும். 30 டிகிரியில் இன்னும் விரைவாக முடிந்துவிடும். இப்போது உங்கள் ஆறாம் நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள்: தெளித்த அன்று இலைக்குள் இருந்த முட்டைகள் பொரிந்துவிட்டன, மண்ணில் இருந்தவை இறக்கையோடு மேலே வந்துவிட்டன. போதாக்குறைக்கு, பல இனங்களில் ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும். அம்முட்டைகளிலிருந்து ஆண் பூச்சிகள் வரும்.

ஆகவே ஒரே தெளிப்பில் முடிக்க நினைப்பது வீண். ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை, செயல்படும் விதம் வேறான மருந்துகளை மாற்றி மாற்றி, லேபிளில் உள்ள அளவிலும், தெளிப்புக்கும் காய் பறிப்புக்கும் இடையே விடச் சொல்லும் காத்திருப்பு நாட்களைக் கடைப்பிடித்தும் தெளிக்க வேண்டும். கேட்காததால் மருந்தின் அளவைக் கூட்டுவது எதிர்ப்புத்திறனைத்தான் வளர்க்கும். நான் அந்தத் தவற்றைச் செய்தேன். பூச்சி சாகவில்லை, பூவுக்கு வந்துகொண்டிருந்த தேனீக்கள்தான் நின்றுபோயின. தெளிக்கும் முன் நாலைந்து பூங்கொத்துகளை வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். கீறலாக எழுதிய எழுத்து ஊர்வது போல ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் அவை ஓடும். ஓடுபவை இறக்கை உள்ளவையா, மஞ்சள் குஞ்சுகளா என்று பார்த்தால் சுழற்சியின் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பது புரியும். மண்ணில் விழும் நிலையைத் தடுக்க வெள்ளிநிற மல்ச்சிங் ஷீட் (பாத்தி மண்ணை மூடும் பிளாஸ்டிக் விரிப்பு) எனக்கு நன்றாக உதவியது. மேலிருந்து வந்து இறங்கும் பூச்சிகளையும் அதன் எதிரொளி குழப்புகிறது.

நுனிக் குருத்து கருகி, இளம் இலை வெண்கல நிறமாகி, தண்டில் கருங்கோடு விழுந்த செடிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நம் பகுதியில் அது பெரும்பாலும் நிலக்கடலை மொட்டுக் கருகல் வைரஸ். அதைப் பரப்புவது முக்கியமாக த்ரிப்ஸ் பால்மி என்னும் இலைப்பேன் இனம். இதில்தான் வாழ்க்கைச் சுழற்சி மிகவும் முக்கியமாகிறது. வைரஸைக் குஞ்சுப் பருவத்தில் உறிஞ்சிய பூச்சியே வளர்ந்தபின் ஆயுள் முழுவதும் அதைப் பரப்பும். வளர்ந்தபிறகு நோயுற்ற செடியில் உண்டது பரப்பாது. முட்டை வழியாகவும் அடுத்த தலைமுறைக்கு வைரஸ் போவதில்லை. பக்கத்து உளுந்து வயலிலிருந்தோ வரப்புக் களையிலிருந்தோ வைரஸோடு பறந்து வரும் பூச்சி, உங்கள் மருந்து அதைக் கொல்வதற்குள் செடியைக் குத்திவிடும். அதனால் நாற்றைப் பூச்சிவலைக்குள் வளர்ப்பதும், நடுவதற்கு முன்பே களையை அகற்றுவதும் பிந்தைய தெளிப்புகளை விட அதிகம் காக்கும். நோய் கண்ட செடிகள் தேறாது. உதறாமல் அப்படியே மேலே சாக்கைக் கவிழ்த்துப் பிடுங்கி, வாயைக் கட்டி வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள்.