ஹுதைதாவை ஏன் திருப்பிக் கொடுத்தார்?

1934 சவூதி-ஏமன் போரில் ஏமனின் ஹுதைதா துறைமுகம் வரை பிடித்த சவூதி மன்னர் இப்னு சவூத் அதை ஏன் விட்டுக்கொடுத்தார், இரு நாட்டு எல்லை அந்த வருடமே முடிவாகிவிட்டது என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

வரைபடத்தில் மேடு பள்ளத்தைப் பாருங்கள், பாதி பதில் அங்கேயே இருக்கிறது. மகன் பைசல் செங்கடல் கரையோரச் சமவெளியில் மளமளவென்று இறங்கி மே மாதம் ஹுதைதாவைப் பிடித்தார். மலைப்பக்கம் போன மூத்த மகன் சவூதுக்கு அந்த வேகம் வாய்க்கவில்லை. ஏமன் தலைநகர் சனா இருப்பதோ 2,000 மீட்டருக்கு மேல். ஏமனை ஆண்ட இமாம் யஹ்யாவின் சைதி (ஷியாவில் ஒரு பிரிவு) மலைக்குடிகளை அங்கே போய் அடக்குவது லேசான காரியமில்லை. அதோடு எதிர்க்கரை எரித்திரியாவில் இத்தாலி, தெற்கே ஏடனில் பிரிட்டன். ஜெருசலேம் முஃப்தி ஹஜ் அமீன் அல் ஹுசைனி, லெபனான் எழுத்தாளர் ஷகீப் அர்ஸ்லான் போன்றோர் சமாதானம் பேச வந்திருந்தார்கள். இப்னு சவூதுக்கு உண்மையில் வேண்டியவை எல்லைப் பகுதிகளான அசீர், நஜ்ரான், ஜிசான். போரை முடித்த தாயிஃப் ஒப்பந்தத்தில் மூன்றும் கிடைத்தன.

ஆனால் 'முடிந்தது' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அந்த ஒப்பந்தத்தை 20 சந்திர ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. கிழக்கே பாலைவனப் பகுதிக்கு அப்போது எல்லைக் கோடே கிடையாது. 2000இல் ஜித்தாவில்தான் முழு எல்லைக்கும் கையெழுத்தானது.