ஆஸ்திரேலியாவுல பூர்வகுடி பட்டதாரிகளை ஏன் தனியா கௌரவிக்கிறாங்க?

பல யுனிவர்சிட்டில பட்டமளிப்பு விழாவுல அபோரிஜினல் (அந்த நாட்டுப் பூர்வகுடி) மாணவர்கள் கறுப்பு, சிவப்பு, மஞ்சள்னு அவங்க கொடி கலர்ல துண்டு மாதிரி ஒண்ணு போட்டுக்குவாங்க, நல்லா படிச்சவங்களுக்கு தனி விருதும் உண்டு. காரணம் வரலாறுதான். சிட்னி யுனிவர்சிட்டி ஆரம்பிச்சது 1850, ஆனா சார்லஸ் பெர்கின்ஸ் அங்க டிகிரி வாங்கினது 1966ல, அபோரிஜினல் ஆண்கள்ல நாட்டுக்கே முதல் பட்டதாரின்னு அவரைத்தான் சொல்வாங்க, அதுக்கப்புறமும் சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துல 1972 வரைக்கும் அபோரிஜினல் பிள்ளைங்களை அரசுப் பள்ளிக்கூடத்துல சேத்துக்க மாட்டேன்னு ஹெட்மாஸ்டர் சொல்லலாம், எவ்வளவு பெரிய கொடுமை பாருங்க! பஸ் ஸ்டாப் பக்கத்துலயே வீடு இருக்கிறவரும் அஞ்சு கிலோமீட்டர் நடந்து வர்றவரும் ஒரே பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரிதான் இது, ரெண்டாவது ஆளோட உழைப்பை யாராவது சொன்னாத்தானே தெரியும். சிலர் நினைக்கிற மாதிரி இது சலுகை டிகிரி இல்ல, அதே பாடம் அதே பரீட்சை எழுதித்தான் பாஸ் பண்றாங்க.