அரை ஃப்ரேம் கண்ணாடியில் லென்ஸ் கழன்று விழுந்தால் நூலை விடுங்கள், லென்ஸ் விளிம்பைப் பாருங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்றரை வருசத்துக்கு முன்னால் மேலே மட்டும் கம்பி இருக்கிற கண்ணாடி வாங்கினேன். போன மாதம் துடைக்கும்போது வலது லென்ஸ் கழன்று கையோடு வந்துவிட்டது. பக்கத்துக் கடையில் நூல் மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதே லென்ஸ் மறுபடியும் மேசைமேல் விழுந்தது. இன்னொரு கடையில் ஃப்ரேமே போச்சு, புதுசு எடுங்க என்கிறார்கள். வீட்டுக்காரர் ஃபெவிக்விக் வைத்து ஒட்டிவிடலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

வீட்டுக்காரர் பேச்சை மட்டும் கேட்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். புது நூல் போட்டும் மூன்று வாரத்தில் அதே லென்ஸ் விழுகிறது, இடது பக்கம் சும்மா இருக்கிறது என்றால், எனக்கு ஃப்ரேம்மேல் சந்தேகம் வரவில்லை. லென்ஸ்மேல்தான் வருகிறது.

இந்த வகைக் கண்ணாடியில் லென்ஸ் எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முழுக் கம்பி ஃப்ரேமில் வேலை வேறு மாதிரி: லென்ஸின் விளிம்பைக் கூராகத் தேய்த்திருப்பார்கள், அந்தக் கூர் கம்பியின் உள்பக்கப் பள்ளத்தில் உட்காரும், ஓரத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ கம்பியை இறுக்கிப் பிடிக்கும். தடித்த பிளாஸ்டிக் ஃப்ரேம் என்றால் சூடு காட்டி இளக்கி, லென்ஸை உள்ளே அழுத்திவிடுவோம். நாங்கள் கடையில் 'சுப்ரா' என்கிற இந்த அரை ஃப்ரேமில் கதை தலைகீழ். இங்கே பள்ளம் இருப்பது லென்ஸில். விளிம்பைத் தட்டையாகத் தேய்த்து, அதன் நடுவில் சுற்றிலும் ஒரு மெல்லிய காடி வெட்டுகிறோம், கிணற்று ராட்டினத்தில் கயிறு உட்காருவதற்கு இருக்குமே, அந்த மாதிரி. அகலம் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், ஆழம் அதைவிடக் குறைவு.

அந்தக் காடிக்குள் கீழ்ப்பாதியில் உட்காருவதுதான் நீங்கள் நூல் என்று சொல்வது. அது நூல் இல்லை, ஒற்றை இழை நைலான் நரம்பு, சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன். மேல்பாதியில் என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. லென்ஸைக் கழற்றிவிட்டு மேல் கம்பியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அங்கேயும் ஒரு பள்ளம், அதற்குள் கொஞ்சம் தடித்த இன்னொரு நைலான் பட்டை, பாதி உள்ளே பாதி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். வெளியே நீட்டுகிற பாதிதான் லென்ஸின் காடிக்குள் நுழைந்து பிடிக்கிறது. ஆக லென்ஸ் உலோகத்தைத் தொடுவதே இல்லை, மேலே ஒரு நைலான், கீழே ஒரு நைலான், இரண்டுக்கும் நடுவில் இழுபட்டு நிற்கிறது.

கீழ் நரம்பைக் கோத்திருக்கும் விதம் பார்க்க வேண்டியது. மேல் கம்பி முடிகிற இரண்டு முனையிலும், மூக்குப் பக்கமும் காதுப் பக்கமும், ஊசி முனை அளவுக்கு இரண்டிரண்டு ஓட்டைகள் இருக்கும். நரம்பின் நுனியைச் சாய்வாக வெட்டிக்கொண்டு ஒரு ஓட்டையில் உள்ளிருந்து வெளியே விட்டு, பக்கத்து ஓட்டையில் வெளியிலிருந்து உள்ளே இழுத்து, ஒரு மில்லிமீட்டர் போல வாலை மட்டும் விட்டு வெட்டிவிடுவோம். முடிச்சு கிடையாது, பசை கிடையாது. லென்ஸ் ஏறி உட்கார்ந்ததும் நரம்பு இழுபடும், இழுபட இழுபட அந்த வளைவு தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும், வால் உள்ளே அமுங்கிவிடும். அவ்வளவுதான் பிடிமானம். பிடிப்பு முழுக்க இழுவையில் இருப்பதால், நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினால் லென்ஸ் ஆடும், ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் லென்ஸின் விளிம்பு தெறிக்கும். "ஏனுங்க, ஒரு நூல் மாத்தறதுக்கு இத்தன நேரமா?" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். போட்டுப் பார்த்து, பத்தாமல் கழற்றி, மறுபடி வெட்டிப் போடுகிற வேலை அது.

சரி, உங்கள் லென்ஸுக்கு வருவோம். விழுந்த லென்ஸை எடுத்து, உங்கள் செக்கிங் மேசை டியூப் லைட்டுக்குக் கீழே விளிம்பை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். பனியன் துணியில் ஒரு இழை விட்டுப்போனாலே கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இது பெரிய விஷயமில்லை. காடிக்கு முன்பக்கம் ஒரு சுவர், பின்பக்கம் ஒரு சுவர் இருக்கும். விளிம்பு 2 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், காடிக்குப் போனது போக ஒவ்வொரு சுவரும் முக்கால் மில்லிமீட்டருக்கும் கீழே. அதில் எங்காவது பிறை வடிவில் ஒரு துண்டு தெறித்துப் போயிருக்கிறதா என்று பாருங்கள், முக்கியமாக மூக்குப் பக்க மூலையிலும் காதுப் பக்க மூலையிலும். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். இருந்தால் அதுதான் காரணம். நரம்பு அந்த இடத்துக்கு வரும்போது பிடிக்க ஒன்றும் இல்லாமல் வழுக்கி வெளியே வந்துவிடும், நீங்கள் ஏழு நரம்பு மாற்றினாலும் நிற்காது. முதல் தடவை கழன்றபோது கீழே விழாமல் கையோடு வந்தது என்கிறீர்கள், அதனால் மூலையில் ஏற்கெனவே தெறித்திருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். மேசையில் விழுந்தது அதை இன்னும் பெரிதாக்கியிருக்கும்.

விளிம்பு முழுசாக இருக்கிறது, எங்கேயும் தெறிப்பு இல்லை என்றால் அடுத்த ஆள் அந்த மேல் பட்டை. அது பள்ளத்திலிருந்து நகர்ந்தோ நைந்தோ போயிருந்தால் கீழ் நரம்பு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் லென்ஸ் கிடுகிடுக்கும். லென்ஸை மாட்டிய பிறகு ஒரு கையால் மேல் கம்பியையும் இன்னொரு கையால் லென்ஸையும் பிடித்து லேசாக முன்னும் பின்னும் அசைத்தால் மேலே 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். மேல் பட்டையையும் தனியாக மாற்ற முடியும், ஆனால் நிறையக் கடைகளில் கீழே மட்டும் மாற்றிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள், ஏனென்றால் கேட்டு வருகிறவர்களும் நூல் மாத்திக் கொடுங்க என்றுதான் கேட்கிறார்கள்.

ஃப்ரேம் உண்மையிலேயே போய்விட்டது என்று நான் ஒத்துக்கொள்வது இரண்டு நிலையில்தான்: அந்தச் சின்ன ஓட்டைகளுக்கு நடுவே இருக்கும் உலோகம் அறுந்து இரண்டும் ஒன்றாகியிருந்தால், அல்லது மேல் கம்பியே வளைந்து லென்ஸின் வளைவோடு சேராமல் போயிருந்தால். வளைவைக்கூடப் பல சமயம் சரிசெய்துவிடலாம். இரண்டும் இல்லாமல் புது ஃப்ரேம் எடுக்கச் சொன்னால், ஏன் என்று அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

நரம்பே தளர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, ஆனால் அது மூன்று வாரத்தில் நடப்பதில்லை. நைலான் ஈரத்தை உறிஞ்சும், வியர்வையிலும் மழையிலும் கொஞ்சம் இளகும், வருசக்கணக்கில் இழுபட்டே இருப்பதால் நீளும், கடைசியில் மஞ்சளாகி மொடமொடத்துப் போகும். சூடு இதை வேகப்படுத்தும். சித்திரை வெயிலில் காங்கயம் ரோட்டோரம் நிறுத்திய காருக்குள், டேஷ்போர்டு மேல் கண்ணாடியை வைத்துவிட்டுக் கல்யாண மண்டபத்துக்குள் போய்விடுகிறோம், அங்கே நரம்பு இளகுவது மட்டுமல்ல, லென்ஸின் பிளாஸ்டிக் விரிகிற அளவுக்கு அதன்மேல் பூசிய கோட்டிங் விரியாது, அதனால் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெடிப்பு விழும். விழுந்த வெடிப்பு திரும்பச் சரியாகாது. நரம்பை வருசத்துக்கு ஒரு தடவை, அல்லது அதிகபட்சம் இரண்டு வருசத்துக்குள், இரண்டு கண்ணுக்கும் சேர்த்தே மாற்றிவிடுவது என் பழக்கம். செலவு பெரிதாக ஒன்றும் இல்லை, கண்ணாடி வாங்கிய கடை என்றால் பல இடத்தில் காசே வாங்க மாட்டார்கள்.

உங்கள் வேலையிடத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது, பஞ்சுத் தூசி. அது நரம்புக்கும் லென்ஸுக்கும் நடுவே போய் உட்கார்ந்து, வியர்வையோடு சேர்ந்து ஒரு சாம்பல் நிறக் கோடாக இறுகிவிடும். அதனாலேயே லென்ஸ் விழாது, ஆனால் அதை நகத்தாலோ குண்டூசியாலோ கிளறுகிறபோது நரம்பில் கீறல் விழும், அங்கே பின்னால் அறும். குழாய்த் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போட்டு, மென்மையான பழைய டூத் பிரஷால் விளிம்பைச் சுற்றித் தேய்த்தால் போதும். துடைக்கும்போது எந்த லென்ஸைத் துடைக்கிறீர்களோ அதற்கு மேலே இருக்கிற கம்பியையே பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் இடது காதுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது லென்ஸைத் தேய்க்கிறார்கள், மூக்குப் பாலம் முறுக்கிக்கொடுத்து லென்ஸ் மூலை நெம்பி வெளியே வருகிறது. கட்டிங் வேஸ்ட்டில் கிடைக்கிற பனியன் துணியில் உலர்வாகத் துடைக்கவும் வேண்டாம்.

இப்போது ஃபெவிக்விக். அந்தப் பசை காயும்போது வருகிற ஆவி லென்ஸ்மேல் படிந்து வெள்ளைப் புகை மாதிரி ஒட்டிக்கொள்ளும், கோட்டிங்கைக் கெடுக்காமல் அதை எடுப்பது கஷ்டம். எடுக்கலாம் என்று நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டீர்கள் என்றால், உங்களுடையது பாலிகார்பனேட் என்கிற வகைப் பிளாஸ்டிக் லென்ஸாக இருக்கும் பட்சத்தில் மேற்பரப்பே வெந்ததுபோல் மங்கிப் போகும். அதைவிட முக்கியமாக, காடிக்குள் பசை இறுகிவிட்டால் நரம்பு உட்கார இடம் இருக்காது, நல்ல லென்ஸையும் வீசத்தான் வேண்டும். நான் கடையில் பார்க்கிற பசை போட்ட கண்ணாடிகளில் பாதிக்கு மேல், பசை போடாமல் வந்திருந்தால் பத்து நிமிட வேலை.

வேலை நேரத்தில் கழன்றுவிட்டது, லென்ஸ் முழுசாக இருக்கிறது, நரம்பும் அறவில்லை என்றால் நீங்களே மாட்டலாம். உங்கள் கம்பெனியில் வாஷ்கேர் லேபிள் அடிக்கிற மெல்லிய சாட்டின் நாடா இருக்கும், அதில் ஒரு சாண் எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸின் மேல்விளிம்பை முதலில் மேல் பட்டையில் சரியாக உட்காரவையுங்கள், மூக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து. அப்புறம் நாடாவை நரம்புக்குள் மடித்து விட்டு, இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து நரம்பை லென்ஸின் விளிம்புக்கு மேலாக இழுத்துக் காடியில் ஏற்றி, நாடாவை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டே போங்கள். கடைசியில் நாடாவின் ஒரு நுனியை மட்டும் பிடித்து உருவிவிடலாம். உருவுவதற்கு முன்னால் லென்ஸின் அடிப்பக்கத்தில் நாடாவைக் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள், நரம்புக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி வந்தால் சரியான இழுவை. அதைவிட அதிகம் வந்தால் தளர்வு, கொஞ்சமும் அசையவில்லை என்றால் ரொம்ப இறுக்கம், அது விளிம்பைத் தின்னும். ஸ்க்ரூ டிரைவர், கத்தரி நுனி, த்ரெட் கட்டர் எதையும் நரம்புக்குக் கொடுக்காதீர்கள்.

மாட்டியதும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும், உங்கள் கண் பரிசோதனைச் சீட்டில் சிலிண்டர் பவர், அதாவது பார்வைச் சிதறலைத் திருத்துகிற பவர், இருந்தால் கட்டாயம். அந்தப் பவருக்கு ஒரு திசை உண்டு, சீட்டில் ஆக்ஸிஸ் என்று டிகிரியில் எழுதியிருப்பார்கள். அரை ஃப்ரேமில் லென்ஸ் தளர்ந்தால் விழுவதற்கு முன்னால் சுழலும், வட்டமான வடிவம் என்றால் இன்னும் சுலபமாக. 10 டிகிரி திரும்பினாலே உங்கள் சிலிண்டர் பவரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பிழை மிஞ்சும், 30 டிகிரி திரும்பினால் சிலிண்டர் போடாத கண்ணாடிக்குச் சமம். தலைவலிக்குப் பவர் ஏறிவிட்டது என்று நினைத்து வருகிற சிலருக்கு லென்ஸை நேராக்கிக் கொடுத்தாலே தீர்ந்துவிடுகிறது. தூரத்துக்கும் படிக்கவும் ஒரே லென்ஸாக வருகிற புரோக்ரசிவ் லென்ஸ் போட்டவர்களுக்கும் இதே தொல்லை, படிக்கிற பகுதி ஓரமாகத் திரும்பிக்கொள்ளும்.

விளிம்பு தெறித்திருந்தால் வலது லென்ஸ் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், ஃப்ரேமை வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண பிளாஸ்டிக்கைவிட பாலிகார்பனேட் இந்தக் காடிக்குத் தாங்கும், அது தெறிக்காமல் வளைந்து கொடுக்கும். ட்ரைவெக்ஸ் என்கிற இன்னொரு வகைப் பிளாஸ்டிக் கிடைத்தால் இன்னும் நல்லது. மிக மெல்லிய 1.74 ஹை இண்டெக்ஸ் லென்ஸை அரை ஃப்ரேமுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அசல் கண்ணாடி லென்ஸில் காடி வெட்டித் தரச் சொல்லி இன்னும் தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் வருகிறார்கள், கீறல் விழாது என்ற நம்பிக்கையில், நான் முழு ஃப்ரேம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன். உங்களுக்குப் பிளஸ் பவர் என்றால் லென்ஸ் நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து வரும், அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே சுப்ரா ஃப்ரேம், ஓரம் குறைந்தது 2 மில்லிமீட்டர் வேண்டும் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மைனஸ் பவர் என்றால் ஓரத்துக்குப் பஞ்சமில்லை, காடியை முன்பக்க வளைவை ஒட்டி வெட்டச் சொன்னால் தடிமன் பின்னால் மறைந்துகொள்ளும்.

லென்ஸ் கட்டிங்கிற்கு வெளியே அனுப்புகிற கடை என்றால் லென்ஸோடு ஃப்ரேமும் சேர்ந்து போகட்டும், அளவை மட்டும் எழுதி அனுப்பினால் காடியின் வளைவு கம்பியோடு சேராமல் மூலையில் மறுபடி நெம்பும். திரும்பி வாங்கும்போது பவர் அளக்கிற கருவியான லென்ஸ்மீட்டரில் வைத்து ஆக்ஸிஸை உங்கள் சீட்டோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள், இடது பக்க நரம்பையும் அப்போதே மாற்றி வாங்கிவிடுங்கள்.