சாட்சியை நம்பிய தீர்ப்பு மேல்முறையீட்டில் எப்போது மாறும்?

கேள்வி: தெரிந்தவர் ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து ரூ.8 லட்சம் வாங்கினேன். அதில் 5 லட்சத்தை இரண்டு பேர் முன்னிலையில் ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தேன், ரசீது வாங்கவில்லை. அவர் முழுத் தொகைக்கும், நான் வாங்கவே வாங்காத 3 லட்சம் கைமாற்றுக்கும் வழக்குப் போட்டார். கைமாற்று நிரூபிக்கப்படவில்லை என்ற நீதிபதி, புரோநோட்டுத் தொகையை முழுமையாகக் கட்டச் சொல்லிவிட்டார். என் சாட்சிகள் தடுமாறினார்களாம், அவர் இயல்பாகப் பேசினாராம். பொய் சொன்னவரை நம்பிய இந்தத் தீர்ப்பால் குடும்பமே உடைந்து போயிருக்கிறது. நான் பணம் கொடுத்த மறுநாள் அவர் கணக்கில் ரூ.4.90 லட்சம் ரொக்கம் கட்டப்பட்டதாக வங்கிப் பட்டியலில் இருக்கிறது. மேல்முறையீட்டில் நியாயம் கிடைக்குமா?

பதில்: உங்கள் சாட்சிகள் உண்மை பேசினார்களா என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் முதலிலிருந்து விசாரிக்கப் போவதில்லை, ஆகவே அவமானம், நட்புத் துரோகம் ஆகியவற்றை மேல்முறையீட்டுக் காரணங்களில் எழுத வேண்டாம். கடைசி வரியில் போகிற போக்கில் நீங்கள் சொல்லியிருக்கும் வங்கிப் பட்டியல்தான் உங்கள் வழக்கு. அது விசாரணையில் சான்றாவணமாகக் குறியீடு செய்யப்பட்டதா (அதாவது, எண் கொடுத்து வழக்கின் சாட்சிய ஆவணமாக ஏற்கப்பட்டதா), தீர்ப்பில் நீதிபதி அதைப் பற்றி ஒரு வாக்கியமாவது எழுதியிருக்கிறாரா என்ற இரண்டையும் இன்றே பாருங்கள்.

முதல் மேல்முறையீட்டில் சங்கதிகளையும் சட்டத்தையும் முழுமையாகப் பரிசீலிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் இரு தரப்பின் வாய்மொழிச் சாட்சியமும் மோதி, யாரை நம்புவது என்பதில் மட்டுமே முடிவு தொங்கும்போது, சாட்சியை நேரில் பார்த்த நீதிபதியின் கருத்தை எளிதில் கலைக்கக் கூடாது என்பது 1951-ஆம் ஆண்டுத் தொகுப்பில் வெளியான சர்ஜு பர்ஷாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. அந்தச் சாட்சியத்தில் விசாரணை நீதிபதியின் கவனத்துக்குத் தப்பிய சிறப்பான அம்சம் ஏதாவது இருக்க வேண்டும், அல்லது அவர் நம்பியது நடந்திருக்கவே வாய்ப்பில்லை என்று சொல்லுமளவுக்குச் சூழ்நிலைகள் எதிராக இருக்க வேண்டும். மறுநாளே கட்டப்பட்ட, ஏறக்குறைய அதே அளவு ரொக்கம் குறியீடு செய்யப்பட்டும் தீர்ப்பில் பேசப்படாமல் போயிருந்தால், அது முதல் வகையில் சேரும். பேசி, வேறு வியாபார வரவு என்ற விளக்கத்தை நீதிபதி ஏற்றிருந்தால், உங்கள் நிலை பாதியாகக் குறைகிறது.

தடுமாற்றம் பற்றிய பகுதியையும் பிரித்துப் படியுங்கள். சாட்சி சொன்ன தேதி எதிருரையில் (வழக்குக்கு நீங்கள் தாக்கல் செய்த எழுத்துப் பதிலில்) உள்ள தேதியோடு முரண்படுகிறது என்று நீதிபதி எழுதியிருந்தால், அது தாளில் உள்ள சங்கதி; அதை மேல்முறையீட்டு நீதிபதியும் அதே வசதியோடு எடைபோட முடியும். தயங்கினார், விழித்தார் என்பது சாட்சியின் நடத்தை பற்றிய கருத்து, அதில் கை வைப்பது கடினம். உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 18, விதி 12-இன்படி சாட்சியின் நடத்தையை அப்போதே குறித்து வைக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அப்படி எந்தக் குறிப்பும் வாக்குமூலத்தில் இல்லாமல், மாதக்கணக்கில் கழித்துத் தீர்ப்பில் மட்டும் தடுமாற்றம் தோன்றினால் அதைச் சுட்டிக்காட்டலாம். குறுக்கு விசாரணைத் தாளின் அடியில் கையெழுத்திட்டிருப்பவர் தீர்ப்பு எழுதிய அதே நீதிபதிதானா என்றும் பாருங்கள். இடையில் நீதிபதி மாறியிருந்தாலோ, குறுக்கு விசாரணையை வழக்கறிஞர் ஆணையர் (சாட்சியம் பதிவு செய்ய நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர்) பதிவு செய்திருந்தாலோ, நேரில் பார்த்தவர் என்ற சலுகையே அந்தக் கருத்துக்குக் கிடையாது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

இனி, கட்சிக்காரர்கள் வழக்கமாக விழும் குழிகளுக்கு வருகிறேன். அந்த வரவைப் பற்றி வாதியிடம் குறுக்கு விசாரணையில் நேரடியாகக் கேட்காமல் விட்டிருந்தால், விளக்கம் சொல்லும் வாய்ப்பே அவருக்குத் தரப்படவில்லை என்ற பதில் தயாராக இருக்கும். பட்டியல் குறியீடே செய்யப்படவில்லை என்றால், கட்டளை 41, விதி 27-இன் கீழ் கூடுதல் சான்றாகக் கொடுத்துவிடலாம் என்று யாராவது தைரியம் சொல்வார்கள். முயற்சி எடுத்திருந்தால் விசாரணையிலேயே வரவழைத்திருக்கக்கூடிய ஆவணத்தை, வழக்கின் ஓட்டையை அடைக்க அந்த விதி அனுமதிப்பதில்லை. கடனைத் தீர்த்துவிட்டேன் என்பதை நிரூபிக்கும் சுமை உங்கள்மேல்தான் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து, நீங்கள் ஏற்கெனவே ஜெயித்த 3 லட்சம். இன்றைய நிலையில் அந்தப் பகுதியை எதிர்த்து வாதி மேல்முறையீடு செய்யாமலே இருந்துவிடக்கூடும். நீங்கள் மேல்முறையீடு செய்து, விசாரணை நாள் குறித்த அறிவிப்பு அவருக்குச் சேர்ப்பிக்கப்பட்டதும், கட்டளை 41, விதி 22 அவருக்கு ஒரு மாத அவகாசம் கொடுத்து, தான் தோற்ற பகுதிக்குக் குறுக்கு ஆட்சேபணை போட வழி திறக்கிறது. நிலைமை சரியில்லை என்று பிறகு நீங்கள் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றாலும், அந்த ஆட்சேபணை உங்களோடு சேர்ந்து போகாது, தனியாக நடத்தப்பட்டு முடிவாகும். கட்ட வேண்டியதைக் குறைக்கப் போய்க் கூடுதலாகக் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அவர்களில் ஒருவருக்குக்கூட இந்த விதியை முன்கூட்டி யாரும் சொல்லியிருக்கவில்லை.

மேல்முறையீடு தாக்கலானதாலேயே, தீர்ப்புத் தொகையை வசூலிக்க வாதி போடும் நிறைவேற்று மனு நின்றுவிடாது. பணத் தீர்ப்பாணை (பணம் கட்டச் சொல்லும் நீதிமன்ற ஆணை) என்பதால் தொகையைக் கட்டவோ பிணையம் கொடுக்கவோ நீதிமன்றம் சொல்லும், தோற்றால் வட்டியும் செலவுத் தொகையும் ஏறியிருக்கும். விசாரணை நீதிமன்றத்தின் காரணங்களோடு உடன்படும் மேல்முறையீட்டு நீதிபதி அதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும், மாற்றி எழுதுபவர்தான் அந்தக் காரணங்களை நெருங்கி ஆராய்ந்து தன் காரணங்களைத் தர வேண்டும் என்று 2001-இல் சந்தோஷ் ஹஸாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்தப் பக்கம் வேலை குறைவு என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அங்கும் தோற்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 100-இன் கீழ் இரண்டாம் மேல்முறையீட்டில் யாரை நம்புவது என்ற பேச்சே எழாது.

எனவே, பட்டியல் குறியீடாகி, வாதியிடம் கேட்கப்பட்டு, தீர்ப்பில் விடுபட்டிருந்தால் மட்டும் அந்த ஒரே காரணத்தை முன்னிறுத்தி மேல்முறையீடு செய்யுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும், மேல்முறையீட்டுக்கான காலம் முடிவதற்குள் வாதியிடம் சமரசம் பேசுங்கள். 3 லட்சத்தைப் பற்றி அவரும் உங்களைப் போலவே நிச்சயமற்ற நிலையில் இருக்கும் நாட்கள் இவை. அவர் மேல்முறையீடோ ஆட்சேபணையோ போட்ட பிறகு பேரம் அவர் கைக்குப் போய்விடும். வட்டியை விட்டுக்கொடுத்து அசலைத் தவணையில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தால், அதை நீதிமன்றத்தில் பதிவு செய்யாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். தீர்ப்பாணைத் தொகையை வெளியே கட்டிவிட்டு, கட்டளை 21, விதி 2-இன்படி அதைப் பதிவு செய்யாமல் விட்டால், நிறைவேற்று நீதிமன்றம் அந்தப் பணத்தைக் கணக்கில் எடுக்காது. இந்த முறை இரண்டு சாட்சிகளை அழைத்து வந்தாலும் பயனில்லை.