நரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகனுக்கு நான்கு வயது. சென்ற மாதம் அவனுக்காக இரண்டு ஆங்கிலப் படப் புத்தகங்கள் வாங்கினேன். ஒன்று பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்த ‘ரோஸீஸ் வாக்’, மற்றது பெக்கி ராத்மனின் ‘குட் நைட், கொரில்லா’. வீட்டுக்கு வந்து பிரித்தபோதுதான் தெரிந்தது, முதல் புத்தகத்தில் மொத்தமே 32 சொற்கள். இரண்டாவதில் ‘குட் நைட்’ என்பதற்கு மேல் அநேகமாக ஒன்றுமில்லை. இரண்டே நிமிடத்தில் படித்து முடித்துவிட்டேன். கொடுத்த காசுக்கு ஏமாந்துவிட்டதாகவே தோன்றியது. மகனோ தினமும் இரவில் இவற்றைத்தான் கேட்கிறான். எழுத்தில்லாத புத்தகத்துக்குப் பழகிவிட்டால் பிறகு வாசிப்பு வருமா என்று என் மனைவி கவலைப்படுகிறார். பக்கத்துக்கு நாலைந்து வரி தமிழில் எழுதி ஒட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன். தங்கள் கருத்து என்ன?

க., ஈரோடு

அன்புள்ள க.,

ஒட்ட வேண்டாம். நீங்கள் இரண்டு நிமிடத்தில் முடித்ததற்குக் காரணம், எழுத்தை மட்டும் படித்தீர்கள் என்பதே. உங்கள் மகன் படிப்பது வேறொரு கதையை.

1968இல் வெளிவந்த ‘ரோஸீஸ் வாக்’ புத்தகத்தின் அந்த 32 சொற்களும் சேர்ந்து ஒரே வாக்கியம்தான். ஒரு கோழி உலாவப் போகிறது, முற்றம், குளம், வைக்கோல் போர், மாவு ஆலை, வேலி, தேன்பெட்டிகள் என்று சுற்றிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருகிறது. இதைக் கதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் படத்தில் முதலிலிருந்தே கோழிக்குப் பின்னால் ஒரு நரி வருகிறது. அந்த நரியைப் பற்றி வாக்கியத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது. சொல் உள்ள பக்கத்தில் நரி பாயத் தயாராக நிற்கும். பக்கத்தைத் திருப்பினால் அங்கே சொல்லே இருக்காது, நரி அடிபட்டுக்கொண்டிருக்கும். முற்றத்தில் பல் வைத்த வாரியை மிதிக்கிறது, காம்பு எழும்பி மூக்கில் அடிக்கிறது. குளத்தில் விழுகிறது, வைக்கோலில் புதைகிறது. ஆலைக்கு அருகில் கோழியின் காலில் கயிறு ஒன்று சிக்கியதால் மேலே தொங்கிய மாவு நரியின் தலையில் கொட்டுகிறது. கோழி திரும்பிப் பார்ப்பதே இல்லை.

இப்போது உங்கள் வீட்டுக் காட்சியை எண்ணிப் பாருங்கள். எழுத்தறிந்த அப்பா, சொன்னதையே நம்பிக்கொண்டு, கோழி குளத்தைச் சுற்றியது என்று சாவதானமாக வாசிக்கிறார். எழுத்தறியாத பிள்ளைக்கு அப்பா சொல்லாத ஒன்று தெரிந்திருக்கிறது. வீட்டில் எல்லா விஷயங்களையும் பெரியவர்கள் முன்பே தெரிந்துவைத்திருக்கும் நிலையில், நாள் முழுவதும் ‘அது என்ன, இது ஏன்’ என்று கேட்டுக் கேட்டே அறிந்துகொள்ள வேண்டியிருக்கும் நான்கு வயதுக் குழந்தைக்கு, தான் முந்திக்கொள்ளும் இந்த இடம் எவ்வளவு பெரிய செல்வம் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். சொற்கள் குறைவாக இருப்பதோடு, இருக்கும் சொற்களும் பாதியை மறைத்துக்கொண்டு நிற்பதுதான் இதில் உள்ள நுட்பம். அதனால்தான் எழுத்தே இல்லாத புத்தகங்களைவிட இப்படிக் கொஞ்சம் எழுத்துள்ளவற்றின் மீது எனக்குத் தனிப் பிரியம்.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பேத்திக்கு இதை முதல்முறை வாசித்தபோது, அவள் கவனிக்கவில்லையோ என்று பயந்து, ‘பின்னால பாரு, நரி வருது’ என்று விரலால் சுட்டிவிட்டேன். ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்லிவிட்டு அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அன்று மிச்சப் பக்கங்களை எனக்குக் காட்டவில்லை. நீங்கள் எழுதி ஒட்டப்போகும் நாலைந்து வரிகளும் என் விரல் செய்த வேலையைத்தான் செய்யும். அதையும் நிரந்தரமாகச் செய்யும்.

1994இல் வந்த ‘குட் நைட், கொரில்லா’ இதே தந்திரத்தை இன்னும் குறும்பாகச் செய்கிறது. மிருகக்காட்சிசாலைக் காவலர் ஒவ்வொரு கூண்டாக இரவு வணக்கம் சொல்லிக்கொண்டு போகிறார். அவர் இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்ட கொரில்லா பின்னாலேயே பூட்டுகளைத் திறந்துகொண்டு வருகிறது. எந்தக் கூண்டுக்கு எந்தச் சாவி என்பது நிறத்தைப் பார்த்தாலே தெரியும் என்பதை என் பேத்திதான் எனக்குச் சொன்னாள். வாழைப்பழம் ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்துவரும் சுண்டெலியையும் அவள் சொல்லித்தான் கவனித்தேன். மிருகங்கள் அத்தனையும் வரிசையாக அவருடைய வீட்டுப் படுக்கையறைக்கே வந்துவிடுகின்றன. விளக்கை அணைத்ததும் இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு. இருட்டில் எங்கெங்கிருந்தோ ‘குட் நைட்’டுகள் வருகின்றன. அடுத்து, அதே கறுப்பில் காவலர் மனைவியின் இரண்டு கண்கள் மட்டும் அகலத் திறந்திருக்கின்றன. அந்தப் பக்கத்தில் வாயைத் திறக்காமல் இருங்கள். அந்தக் கண்களுக்கு என்ன பொருள் என்று சொல்ல உங்கள் மகனுக்குச் சிறிது அவகாசம் வேண்டும். ஒரே ‘குட் நைட்’தான் என்றாலும் காவலர் சொல்வதும் மிருகங்கள் சொல்வதும் ஒன்றல்ல என்பது குரலை மாற்றிச் சொல்லிப் பார்த்தால் விளங்கும்.

உங்கள் மனைவியின் கவலைக்கு வருகிறேன். இந்தப் புத்தகங்கள் எழுத்து கற்றுத்தராது, உண்மைதான். அதற்கு அரிச்சுவடி இருக்கிறது. ஆனால் முன் பக்கத்தில் நடந்ததை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தை ஊகிப்பது, கயிறு சிக்கியதால்தான் மாவு கொட்டியது என்று காரணம் கண்டுபிடிப்பது, அதைத் தன் வாயால் கோவையாகச் சொல்வது ஆகியவை வாசிப்பைச் சேர்ந்தவையே. ‘ம’வுக்குக் கால் போட்டால் ‘மா’ என்பதை ஆறு மாதத்தில் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்துவிடும். பெரியவர்களுக்குத்தான் இந்தப் புத்தகங்கள் சிரமம், ஏனென்றால் அலுவலகம் விட்டுக் களைத்து வந்தவர் அச்சிட்ட வரிகளைப் பாதித் தூக்கத்தில்கூட வாசித்துவிடலாம். இங்கே அப்படித் தப்பிக்க முடியாது.

தமிழில் எழுதி ஒட்டுவதற்குப் பதிலாகத் தமிழில் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ‘போயிற்று’ என்ற வினை தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது, இடங்கள் அதன் பின்னால் வரிசையாக வருகின்றன. தமிழிலோ வினைமுற்று கடைசிவரை காத்திருக்கும். ரோஸி என்ற கோழி முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோல் போரில் ஏறி, ஆலையைத் தாண்டி, வேலிக்குள் நுழைந்து, தேன்பெட்டிகளுக்கு அடியில் புகுந்து என்று எச்சத்துக்கு மேல் எச்சமாகத் தொங்கவிட்டு, ஒவ்வோர் எச்சத்திலும் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போகலாம்; புத்தகம் முடியும்வரை வாக்கியமும் முடியாது. நான் கடைசிப் பக்கத்தில் ‘வீட்டுக்கு வந்து’ என்று நிறுத்திவிடுவேன். ‘சேந்துருச்சு’ என்று பேத்தி கத்துவாள். தேனீக்கள் துரத்திக்கொண்டு போன நரி என்ன ஆயிற்று என்று நான் சொல்வதில்லை. அவள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொல்கிறாள்.

அன்புடன்.